டர்போவை மாற்றிவிட்டு ஆயில் பைப்பை மாற்றாமல் விட்டது குறித்த புகார்

போடிநாயக்கனூர்
18.11.2024

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு மேலாளர் அவர்கள்

பொருள்: 2013 மாடல் டீசல் காரில் உங்கள் மதுரை சர்வீஸ் சென்டர் மாற்றிய டர்போ (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் பாகம்) 1,140 கிலோமீட்டரில் மீண்டும் பழுதானது, வாரண்டி மறுக்கப்பட்டது, நான் அவமதிக்கப்பட்டது தொடர்பாக.

ஐயா / அம்மா,

வணக்கம். இது நான் உங்களுக்கு எழுதும் நான்காவது கடிதம். முதல் மூன்றும் மின்னஞ்சலில் அனுப்பியவை. மூன்றுக்கும் "உங்கள் கருத்துக்கு நன்றி" என்ற ஒரே பதில்தான் வந்தது. உங்கள் டோல் ஃப்ரீ எண்ணுக்கு 11 முறை பேசியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் சேஸிஸ் நம்பரில் தொடங்கி முழுக் கதையையும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. கடைசியாகப் பேசிய மறுநாள் "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்று எஸ்.எம்.எஸ். வருகிறது. எது தீர்ந்தது? அதனால்தான் இந்த முறை பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். தயவுசெய்து முழுவதும் படிக்கவும்.

நான் ஏலக்காய் வியாபாரம் செய்கிறவன். வாரத்தில் மூன்று நாளாவது போடிமெட்டு ஏறி பூப்பாறை பக்கம் தோட்டங்களுக்குப் போய் வர வேண்டும். இந்தக் காரை 2013இல் உங்கள் ஷோரூமில்தான் புதிதாக எடுத்தேன். 1,62,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. ஒரு ஆயில் சர்வீஸ் கூடத் தவறியதில்லை. அத்தனையும் உங்கள் சர்வீஸ் சென்டர்களிலேயே செய்தவை, பில் எல்லாம் ஃபைலில் இருக்கிறது.

ஆகஸ்ட் 6ஆம் தேதி மேட்டில் ஏறும்போது ஒன்பதாவது வளைவு தாண்டியதும் விசில் அடிப்பது போலச் சத்தம் வந்தது. அப்புறம் இழுவை சுத்தமாக இல்லை, பின்னால் நீலப் புகை. ஓரம் கட்டி நிறுத்திவிட்டேன். தேனியில் டர்போ வேலை பார்ப்பதில்லை, மதுரைக்குத்தான் கொண்டு போக வேண்டும் என்று உங்கள் ஆட்கள் சொன்னார்கள், ரெக்கவரி வண்டியில் ஏற்றி அனுப்பினேன். டர்போவுக்குள் சுழலும் தண்டான ஷாஃப்ட் ஆடுகிறது, ஆயில் அடிக்கிறது, அசெம்பிளியாகத்தான் மாற்ற வேண்டும் என்றார்கள். மாற்றுங்கள் என்றேன். பேரம் பேசவில்லை. 16 நாள் கழித்து 61,350 ரூபாய் கட்டி வண்டியை எடுத்தேன்.

செப்டம்பர் 14இல் மறுபடியும் அதே விசில், அதே புகை. மீட்டரைப் பார்த்தேன், 1,140 கிலோமீட்டர்தான் ஓடியிருந்தது. உங்கள் பில்லின் பின்பக்கத்தில் மாற்றிய பாகத்துக்கு 6 மாதம் அல்லது 10,000 கிலோமீட்டர் வாரண்டி என்று நீங்களேதான் அச்சடித்திருக்கிறீர்கள்.

இதற்கு மேல் வரிசையாகச் சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் செப்டம்பர் 28ஆம் தேதியைச் சொல்லாமல் என்னால் அடுத்த வரி எழுத முடியவில்லை.

அன்று சனிக்கிழமை. முந்தைய நாள் சாயங்காலம் உங்கள் சர்வீஸ் சென்டரிலிருந்து போன்: "சார், வாரண்டி டர்போ வந்துருச்சு, காலையில ஒன்பது மணிக்கு வண்டியோட வந்துருங்க." வண்டி என் வீட்டில் நின்றது, ஏனென்றால் 16ஆம் தேதி கொண்டு வந்து விட்டபோது "யார்டுல இடமில்ல, பார்ட் வர்ற வரைக்கும் நீங்களே எடுத்துட்டுப் போங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஓடாத வண்டியை எடுத்துக்கொண்டு போ என்றால் எப்படிப் போவது? அதற்கும் ரெக்கவரிதான். 28ஆம் தேதி விடியற்காலை ஐந்தரைக்கு மறுபடியும் ஏற்றி, ஆண்டிபட்டி கணவாய் தாண்டி, உசிலம்பட்டி தாண்டி, எட்டே முக்காலுக்கு உங்கள் வாசலில் நின்றோம். என் மனைவியும் கூட வந்தார். அவருக்குச் சர்க்கரை நோய் உண்டு. மத்தியானம் இரண்டு மணி வரை யாரும் வண்டியைத் தொடவில்லை. அதற்குப் பிறகு பெட்டியைப் பிரித்துப் பார்த்தால், வந்திருப்பது வேறு மாடலின் டர்போ. டர்போவின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ஆக்சுவேட்டரே வேறு. என் வண்டியில் உட்காராது.

சேஸிஸ் நம்பரைப் போட்டால் எந்த டர்போ என்று உங்கள் கம்ப்யூட்டரே காட்டும். 11 முறை என்னிடம் அந்த நம்பரைக் கேட்டு எழுதிக்கொண்டது எதற்காக?

நான் சர்வீஸ் அட்வைசரிடம் போய், "தம்பி, முதல் தடவை மாத்துனப்ப எதனால போச்சுன்னு பார்த்தீங்களா? மறுபடியும் போனதுக்கு என்ன காரணம்?" என்று கேட்டேன். குரல் உயர்த்தவில்லை. அதற்கு அவர், செல்போனிலிருந்து தலையைத் தூக்காமல், "டர்போன்னா என்னன்னு தெரியுமா பெருசு? பதினோரு வருஷ வண்டி, பேசாம எக்ஸ்சேஞ்சுல போட்டுட்டுப் புதுசு எடுங்க" என்றார்.

அங்கே காத்திருப்பவர்கள் பத்துப் பேருக்கு மேல் இருந்தார்கள். இரண்டு பேர் சிரித்தார்கள். என் மனைவி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். எனக்கு வயது 61. என் ஊரில் என்னை விட வயதில் மூத்தவர்கள் கூட என்னை "வாங்க, போங்க" என்றுதான் கூப்பிடுவார்கள். 61,350 ரூபாய் வாங்கும்போது நான் "சார்". ஏன் பழுதாச்சு என்று கேட்டால் "பெருசு".

மன்னிக்கவும், கோபத்தில் எழுதுகிறேன். உங்கள் நிறுவனத்தில் எல்லோரும் இப்படி என்று நான் சொல்லவில்லை. கேட்டில் இருந்த செக்யூரிட்டி அண்ணன்தான் என் மனைவிக்குத் தன் டிபன் பாக்ஸிலிருந்து இரண்டு இட்லி கொடுத்தார். அவருக்கு இருந்த மனிதத்தன்மை உங்கள் கவுண்டரில் இல்லை.

அக்டோபர் 3இல் வாரண்டி கிடையாது என்று எழுதிக் கொடுத்தார்கள். காரணம்: "ஆயில் ஸ்டார்வேஷன். வாடிக்கையாளர் பராமரிப்புக் குறைபாடு." இந்த வரியை நீங்கள் நிதானமாகப் படிக்க வேண்டும். டர்போவுக்கு ஆயில் போகவில்லை என்று நீங்களே ஒப்புக்கொண்டிருக்கிறீர்கள். ஆயில் எந்த வழியாகப் போகிறது? எஞ்சினிலிருந்து டர்போவுக்குப் போகும் அந்தச் சின்ன ஃபீட் பைப் வழியாகத்தானே? ஆகஸ்ட் மாத பில்லை எடுத்துப் பாருங்கள். டர்போ அசெம்பிளி இருக்கிறது, கேஸ்கெட் இருக்கிறது, லேபர் இருக்கிறது, வண்டி கழுவியதற்குக் கூடக் காசு இருக்கிறது. ஆயில் ஃபீட் பைப் இல்லை. எஞ்சின் ஆயில் இல்லை, ஆயில் ஃபில்டர் இல்லை. பழைய டர்போ சிதைந்து அதிலிருந்து வந்த இரும்புத்தூள் கலந்த அதே ஆயிலில் புது டர்போவை ஓட விட்டிருக்கிறீர்கள்.

நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றுகிற ஷாஃப்ட், வெறும் ஆயில் படலத்தின் மேல் மிதக்கிறது என்பதை உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. தயாரித்தவர்கள் நீங்கள். எக்ஸாஸ்ட் சூட்டில் அந்தப் பைப்புக்குள் வருஷக்கணக்கில் ஆயில் கருகிக் கரி பிடிக்கும் என்பதும், டர்போ மாற்றினால் பைப்பையும் சேர்த்து மாற்ற வேண்டும் என்பதும் உங்களுக்குத் தெரியாதா? தெரிந்தும் விட்டீர்கள் என்றால் அது மோசடி. தெரியாது என்றால் போர்டை இறக்கிவிடுங்கள்.

வேறு வழியில்லாமல் அக்டோபர் 4இல் வண்டியைத் தேனிக்கு, சாலையோரத் தகரக் கொட்டகையில் பட்டறை வைத்திருக்கும் ஒரு மெக்கானிக்கிடம் கொண்டு போனேன். பானெட்டைத் திறப்பதற்கு முன்னாலேயே அவர் கேட்ட முதல் கேள்வி: "ஆயில் பைப்ப மாத்துனாங்களாண்ணே?"

கழற்றிக் காட்டினார். ஊதிப் பார்த்தேன், காற்றுக் கூடப் போகவில்லை. கம்பியை விட்டுக் குத்தினால் கரி கட்டி கட்டியாக உதிர்ந்தது. டர்போவிலிருந்து வரும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரைக் கவிழ்த்தால் அரை லிட்டருக்கு மேல் ஆயில். அதைக் கூட நீங்கள் வடிக்கவில்லை. டீசல் எஞ்சின் அந்த ஆயிலை இழுத்துத் தானாக எரிக்கத் தொடங்கினால் சாவியைத் திருப்பினாலும் நிற்காது என்று அவர் சொன்னபோது எனக்கு உடம்பு நடுங்கிவிட்டது. அந்த நிலையில்தான் நானும் என் மனைவியும் 17 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தோம். எங்களுக்கு ஏதாவது ஆகியிருந்தால் யார் பொறுப்பு? பெருசு என்ற அந்தத் தம்பியா?

அந்தத் தேனி மெக்கானிக் டர்போவைக் கோயம்புத்தூருக்கு அனுப்பி கோர் (ஷாஃப்ட் இருக்கும் நடுப்பகுதி) மாற்றி வாங்கினார். எஞ்சினுக்கு அடியில் ஆயில் தேங்கும் சம்பை இறக்கி, ஆயிலை வடிகட்டும் ஸ்ட்ரெய்னரைச் சுத்தம் செய்தார். புது ஃபீட் பைப், புது ஆயில், புது ஃபில்டர். எஞ்சினை எழுப்பும் முன் டர்போவுக்குள் கையால் ஆயில் ஊற்றி, டீசலை நிறுத்திவிட்டு வெறும் செல்ஃப் அடித்து, ஆயில் வந்து சேர்ந்ததைப் பார்த்த பிறகுதான் ஸ்டார்ட் செய்தார். ஐந்து நிமிடம் ஐடிலில் விட்டார். மொத்தம் 24,600 ரூபாய். இன்று வரை 2,300 கிலோமீட்டர், அதே மேடு, அதே சுமை. புகையும் இல்லை, சத்தமும் இல்லை. வெளியில் பிரித்ததால் வாரண்டி போய்விட்டது என்று இனிமேல் புதிதாக ஆரம்பிக்க வேண்டாம். நீங்கள் மறுத்தது 3ஆம் தேதி, நான் பிரித்தது அதற்குப் பிறகு.

எனக்கு ஆன செலவு: உங்களுக்குக் கட்டியது 61,350. ஐந்து முறை ரெக்கவரி, முறைக்கு 6,000 வீதம் 30,000. தேனியில் 24,600. ஆக 1,15,950 ரூபாய். வியாபார நஷ்டம் தனி. ஏலக்காய் சீசனில் இரண்டு மாதம் வண்டி இல்லாமல் தோட்டங்களுக்கு நேரத்துக்குப் போக முடியவில்லை, பத்து வருடமாக எனக்குக் காய் கொடுத்தவர்கள் வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள். குறைந்தது 4 லட்சம் போயிருக்கிறது. என் தொழிலே படுத்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். ரசீது கேட்டால் என்னிடம் இல்லை, ஆனால் நஷ்டம் நஷ்டம்தான்.

வண்டியின் ஆர்.சி. 2028 வரை இருக்கிறது. அதை எப்போது விற்பது என்று முடிவு செய்ய வேண்டியது நான், உங்கள் அட்வைசர் அல்ல.

பணிவோடு கேட்டுக்கொள்வது இதுதான்: 1,15,950 ரூபாயைத் திருப்பித் தாருங்கள். வாரண்டி மறுப்பில் என் பராமரிப்பைக் குறை சொன்ன வரியை எழுத்துப்பூர்வமாக நீக்குங்கள். அந்த சர்வீஸ் அட்வைசர் என் மனைவியிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். பணத்தில் கொஞ்சம் முன்னே பின்னே பேசலாம். மன்னிப்பில் பேச்சே இல்லை.

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் பதில் வராவிட்டால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, தேனி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடுவேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், உங்கள் தலைமை அலுவலகம் இருக்கும் ஊருக்கு நான் அலைய வேண்டியதில்லை. கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணமும் கிடையாது. அந்த நிலைக்குப் போக எனக்கு ஆசை இல்லை. 11 வருடம் உங்கள் வண்டியைத்தான் ஓட்டினேன், என் தம்பிக்கும் மச்சானுக்கும் உங்கள் வண்டியைத்தான் வாங்கச் சொன்னேன்.

பில்கள், ஜாப் கார்டு, வாரண்டி மறுப்புக் கடிதம், அடைத்துப்போன பைப்பின் படங்கள் இணைத்திருக்கிறேன். பைப் என் கடைப் பெட்டியில் பூட்டி வைத்திருக்கிறது. உங்கள் இன்ஜினியர் யாராவது நேரில் வந்தால் காட்டுவேன், ஊதியும் பார்க்கலாம். கொடுத்தனுப்ப மாட்டேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்
(பெயர், முகவரி, வண்டி எண் இணைப்பில்)