கப்பலுக்குப் போ, மதி

அன்பு மதிக்கு,

அடுத்த மாதக் கப்பலுக்குப் பெயர் கொடுக்கவில்லை என்று போனில் சொன்னாய். "தண்ணியை அவங்க எடுத்துட்டு வந்துடுவாங்கம்மா, எனக்கு சீக்வென்ஸ் ஃபைல் கிடைச்சாப் போதும்" என்றாய். அப்போதைக்கு ஒன்றும் சொல்லாமல் வைத்துவிட்டேன், மனசு கேட்கவில்லை. நீ இருப்பது ஹவாயின் ஹொனலுலுவில். அங்கிருந்து வடக்கே நூறு கிலோமீட்டரில் அலோஹா நிலையம். 1988-லிருந்து ஏறக்குறைய மாதம் தவறாமல் கப்பல் போய், ஒரே இடத்தில், மேல்மட்டத்திலிருந்து ஆழம்வரை தண்ணீர் எடுத்துவரும் கடல் அது. அவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு அதைப் பார்க்காமல் பிஎச்.டி. முடிக்காதே. போய் வா.

யுசிஒய்என்-ஏ என்ற கடல் பாக்டீரியாவின் கதையை நீதான் எனக்குச் சொன்னாய். அதையே ஆண்டுவாரியாகக் கொஞ்சம் யோசித்துப் பார். 1998-ல் ஜொனாதன் ஸேர் என்ற விஞ்ஞானியின் குழுவுக்குக் கடல்நீரிலிருந்து கிடைத்தது, நைட்ரஜனை நிலைநிறுத்தும், அதாவது நைட்ரஜன் வாயுவை உயிர்கள் பயன்படுத்தும்படி மாற்றும், மரபணுவின் ஒரு சின்னத் துண்டு. அது எந்த உயிருக்குச் சொந்தம் என்று தெரியவில்லை. பத்து வருடம் கழித்துத்தான் அது ஒரு விசித்திரமான சயனோபாக்டீரியா (வழக்கமாக ஒளிச்சேர்க்கை செய்யும் பாக்டீரியா) என்று புரிந்தது: ஆக்சிஜன் வெளியிடும் ஒளி அமைப்பு அதில் கிடையாது, கார்பனை நிலைநிறுத்தவும் வழியில்லை. 2010-ல் முழு மரபணுத்தொகுதியும் வந்தது. தனியாகப் பிழைக்க முடியாத ஜீவன் என்பது அதில் தெளிவாகத் தெரிந்தது. யாரை அண்டிப் பிழைக்கிறது என்பது மட்டும் அதில் இல்லை.

அது எப்படித் தெரியவந்தது? அலோஹாவில் எடுத்த தண்ணீரை உறையவைத்துக் கரைக்குக் கொண்டுவராமல், எடுத்த கையோடு கப்பலிலேயே செல்களைப் பிரித்துப் பார்த்தார்கள். அது ஒட்டிக்கொண்டிருந்த பாசி அப்போதுதான் அகப்பட்டது, 2012-ல் வெளியிட்டார்கள். அந்தப் பாசியை ஜப்பானில் கியோகோ ஹகினோ பத்து வருடத்துக்கும் மேல், முந்நூறு தடவைக்கு மேல் கடலில் தண்ணீர் எடுத்து, வளர்த்துக் காட்டினார். அது கையில் இருந்ததால்தான் 2024-ல் இந்த பாக்டீரியா இனித் தனி உயிர் அல்ல, அந்தப் பாசி செல்லின் ஓர் உள்ளுறுப்பு என்று சொல்ல முடிந்தது. அந்த அம்மாவின் பொறுமையை நினைத்தால் எனக்குக் கை கூப்பத் தோன்றுகிறது.

டிஎன்ஏவைப் படித்துக் கடல் பாக்டீரியாவை அறியும் உன் வேலையைக் குறைத்துச் சொல்லவில்லை. வருஷக்கணக்காகக் கல்லூரி லேபில் கடல்நீரை அகார் தட்டில் (பாக்டீரியா வளர்க்கும் கூழ்த் தட்டில்) பூசி, முளைத்த புள்ளிகளை எண்ணச் சொல்லிக் கொடுத்தவள் நான். ஒரு மில்லியில் பத்து லட்சம் பாக்டீரியா இருக்கும். தட்டில் நூற்றில் ஒன்றுகூட எழும்பாது. கடலில் மிக அதிகமாக இருக்கும் எஸ்ஏஆர்11 என்ற பாக்டீரியா கூட 1990-ல், அட்லாண்டிக்கில் உள்ள சர்காசோ கடல் நீரின் மரபணு வழியாகத்தான் முதலில் தெரியவந்தது. சத்துள்ள ஊடகம் அதற்கு ஆகவில்லை. வெறும் கடல்நீரிலேயே, வளர்ப்புத் தட்டின் குழிக்குச் சில செல்கள் என்று நீர்க்கவைத்து, 2002-ல்தான் வளர்த்தார்கள்.

அப்பா நேற்று, "தண்ணியில இருக்கிற அத்தனை டிஎன்ஏவையும் ஒண்ணாப் படிச்சா எது எதோடதுன்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டார். ஆயிரம் வீட்டுக் கல்யாணப் பத்திரிகைகளைக் கிழித்து ஒரே சாக்கில் போட்டு, துண்டுகளைச் சேர்த்துப் படிப்பது என்றேன். "நிகழும் மங்களகரமான" என்பது எல்லாவற்றிலும் ஒன்றுபோலவே இருக்கும், அந்த இடத்தில் ஒரு வீட்டு மாப்பிள்ளை இன்னொரு வீட்டுப் பெண்ணோடு ஒட்டிக்கொள்வார். மரபணு விஞ்ஞானி கிரெய்க் வெண்டரின் குழு சர்காசோ நீரை இப்படிப் படித்து 2004-ல் பன்னிரண்டு லட்சம் புதிய மரபணுக்களைச் சொன்னது. அவற்றில் பெரும்பாலானவை என்ன வேலை செய்கின்றன என்பதைச் சொல்ல டிஎன்ஏ வரிசை மட்டும் போதவில்லை.

அதனால்தான் போகச் சொல்கிறேன். பாட்டில் மேலே வந்தபின் டெக்கில் எவ்வளவு நேரம் வெயிலில் நின்றது, 0.22 மைக்ரான் ஃபில்டர் பாதியில் அடைத்துக்கொண்டதா, திரவ நைட்ரஜனில் உறையப் போடுமுன் யாராவது சாப்பிடப் போய்விட்டார்களா, இதெல்லாம் ஃபைலில் வராது. ஃபில்டரில் தண்ணீர் மெல்ல இறங்கும் அந்த நேரத்துக்குள் செல்கள் சும்மா இருக்காது. எந்த மரபணுவை இயக்குவது என்பதையே மாற்றிக்கொள்ளும். ஆர்என்ஏவை, அதாவது எந்த மரபணு இயங்குகிறது என்று காட்டும் நகலை, பார்க்கப் போகிற உனக்கு இது தெரிந்தே ஆகவேண்டும்.

ஒன்று மட்டும் மறக்காதே. ஒவ்வொரு தடவையும் தண்ணீர் விடாத ஒரு வெற்று ஃபில்டரையும் டிஎன்ஏ பிரிக்கும் அதே கிட்டில் போட்டு எடு. ஆழக்கடல் மாதிரியில் செல்கள் குறைவு. கிட்டிலும் கையிலும் இருக்கிற பாக்டீரியாவே கடல் பாக்டீரியா வேஷம் போட்டு வரும். குறிப்பேட்டை நீயே எழுது, பென்சிலால், மழை பட்டாலும் அழியாது.

குமட்டல் மாத்திரையைக் கப்பல் ஏறுமுன்பே போட்டுக்கொள், வாந்தி வந்தபின் போட்டுப் பிரயோஜனம் இல்லை. இந்த வாரமே உன் பேராசிரியருக்கு மெயில் போட்டுவிடு, இடம் நிரம்பிவிடப் போகிறது.

அன்புடன்,
அம்மா