கிழங்குக் குழியும் கிராம சபையும்

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தியின் காதுகுத்துக்கு வர முடியாமல் போனதற்கு முட்டிவலிதான் காரணம், மனத்தில் வைத்துக்கொள்ளாதே. ‘முட்டிவலிக்காரனுக்குக் காட்டுக்குள் என்ன வேலை?’ என்று கேட்டிருந்தாய். நியாயமான கேள்வி.

தாளவாடி மலையில் எங்களுக்குப் பக்கத்துச் சோளகர் பழங்குடி ஊரில், வன உரிமைச் சட்டப்படி சமூக உரிமை, அதாவது காட்டைப் பயன்படுத்த ஊருக்கே பொதுவான உரிமை, கேட்டு மனு தயாராகிறது. ‘என்ன பத்திரம் வைத்திருக்கிறீர்கள்?’ என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். காட்டிலேயே பிறந்து வளர்ந்தவர்களிடம் பத்திரத்துக்கு எங்கே போவது? ஆனால் அந்தச் சட்டத்துக்கான 2008ஆம் ஆண்டு விதிகளில் 13ஆம் விதியைப் படித்துப் பார். கிழங்கு தோண்டும் இடம், காட்டுப்பழம் பறிக்கும் இடம், மேய்ச்சல் தரை எல்லாமே சமூக உரிமைக்குச் சான்றுதான். பெரியவர்களின் எழுத்துமூல வாக்குமூலமும் செல்லும். அதனால்தான் கிழங்கெடுக்கப் போகும் பெண்களின் பின்னால் நானும் நோட்டும் கையுமாக அலைகிறேன்.

ஒரு பாட்டி நூரைக்கிழங்கு எடுத்ததை நீ பார்த்திருக்க வேண்டும். கொடி காய்ந்து சருகாகிவிட்டது, என் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. அவர் நேராகப் போய் உட்கார்ந்து, கடப்பாரையால் முழங்கை ஆழத்துக்குத் தோண்டினார். கிழங்கை முறித்து எடுத்துக்கொண்டு, கொடி ஒட்டியிருந்த தலைப்பகுதியை மட்டும் திரும்பக் குழியில் வைத்து மண்ணைத் தள்ளி மிதித்தார். “இது என் மாமியார் எடுத்த குழி” என்றார். கூட வந்த பையன் செல்போனில் இடத்தைக் குறித்துக்கொண்டான். இதைவிட நல்ல பத்திரம் எந்தப் பதிவு அலுவலகத்தில் கிடைக்கும்?

இது நடக்கிற காரியமா என்று நீ கேட்பாய். கர்நாடகப் பக்கம் பிலிகிரிரங்கன் மலையில் நடந்திருக்கிறது. அங்கேயும் இதே மக்கள்தான், சோலிகர் என்பார்கள். 1974இல் அது சரணாலயமானது. வனவிலங்குச் சட்டத்தில் 2002இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, விற்பதற்குத் தேனும் நெல்லிக்காயும் எடுக்கக் கூடாது என்று வனத்துறையினர் தடுத்தார்கள். கிராம சபைகள் விடவில்லை. புலிகள் காப்பகம் ஆன பிறகும், 2011இல் சமூக வன உரிமையை வாங்கிவிட்டார்கள். உரிமைப் பத்திரம் கைக்கு வந்தும் இழுபறி முழுதாக ஓயவில்லை என்பது வேறு கதை.

அந்த மலையில் நெல்லி மரங்களைப் புல்லுருவி பிடித்து உறிஞ்சுகிறது. காய் பறிக்க ஏறுகிறவன் அதையும் வெட்டிப் போட்டுவிட்டு இறங்குவான். ஏறாதே என்றால் புல்லுருவிக்குத்தான் கொண்டாட்டம். பழைய வழக்கப்படி சருகுக்குச் சிறு தீ வைப்பதை நிறுத்தியதால்தான் உண்ணிச்செடிப் புதர் காடெங்கும் மண்டிவிட்டது என்று சோலிகர்கள் சொல்வதை ஆராய்ச்சியாளர்களும் எழுதியிருக்கிறார்கள். அதற்காக எல்லோரும் உத்தமர்கள் என்று சொல்லவில்லை. அவசரத்தில் கிளையையே வெட்டிக் காயை உதிர்க்கிறவனும் உண்டு. அவனைக் கேட்கும் அதிகாரம் ஊருக்கு வேண்டும், அதற்குத்தான் இந்த மனு. எடுக்கும் உரிமையோடு, காக்கும் உரிமையையும் வன உரிமைச் சட்டம் கிராம சபைக்கே கொடுக்கிறது.

நகரத்து உணவுத் திருவிழாக்களில் காட்டுக்கீரையை அழகான தட்டில் வைத்து விற்பது எனக்கு ஒட்டவில்லை. கீரையை ருசித்தவர்களில் எத்தனை பேருக்கு அது முளைக்கும் காட்டின் கவலை?

இப்போது உன்னிடம் ஒரு காரியம் ஆக வேண்டியிருக்கிறது. பழைய நில அளவை வரைபடங்களும் சான்றாகச் செல்லும். அவற்றைப் படிக்க இங்கே ஆளில்லை. நீ முப்பது வருடம் அதிலேயே ஊறியவன். மாசி முடிவதற்குள் வந்து நான்கு நாள் தங்கு. சத்தியமங்கலத்தில் காலை பஸ்ஸாகப் பார்த்து ஏறு. இரவில் திம்பம் மலைப்பாதையில் வண்டிகளுக்குக் கட்டுப்பாடு உண்டு. இருபத்தேழு கொண்டை ஊசி வளைவு இருக்கிறது, வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு ஏறாதே.

அன்புடன்,
சுப்பிரமணியன்