எங்கள் வடக்கெல்லைக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மாமிக்கு,

என்னை உங்களுக்கு நினைவிருக்க வாய்ப்பில்லை. குமரி மாவட்டத்துக் கருங்கல் ஊர்ப் பக்கத்தில் உங்கள் பழைய வீட்டுக்குத் தெற்கே, கய்யாலை என்ற எல்லைச் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்த வீட்டின் பேரன் நான். நீங்கள் கல்யாணமாகி நெய்யாற்றின்கரைக்குப் போய்ப் பல வருடம் கழித்துப் பிறந்தவன். அறுப்பின் பண்டிகைக்கு நீங்கள் ஊருக்கு வரும்போது, மற்றப் பிள்ளைகளைப் போல நானும் 'மாமி' என்று கூப்பிட்டிருக்கிறேன். நீங்கள் சிரிப்பீர்கள். ஆனால் எங்கள் வாசலில் நீங்கள் ஏறி நான் பார்த்ததில்லை. எங்கள் வீட்டாரும் உங்கள் வாசலில் ஏறியதில்லை. பக்கத்து வீட்டுக்காரர்களுக்குள் அப்படி ஏதாவது இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

நீங்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள் மட்டும் இல்லை என்பது போன வருடம்தான் தெரிந்தது.

அப்பா தவறிய பிறகு பட்டாவை மாற்றுவதற்காகத் தகரப்பெட்டியைத் திறந்தேன். அடியில் ஒரு பிரமாணம், அதாவது பழைய பத்திரம், கிடந்தது. மலையாளக் கணக்கான கொல்லம் ஆண்டு 1109இல் பாட்டாவும் (அப்பாவின் அப்பா) அவருடைய தம்பிகளும் எழுதிக்கொண்ட பாகப்பிரிவினை. முழுக்க மலையாள எழுத்து. எனக்கு அதில் எண்களைத் தவிர ஒன்றும் புரியவில்லை. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கு தாலுகாக்களும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோது நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்துப் பக்கம் நின்றுவிட்டது. உங்கள் பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்து தெரியாது என்று கேள்விப்பட்டேன். எனக்கு மலையாள எழுத்து தெரியாது. நான் பிறந்து வளர்ந்த விளையின் (வீட்டுத் தோட்ட நிலத்தின்) பிரமாணத்தை வாசிக்க எனக்கு ஆள் தேட வேண்டியிருந்தது.

மார்த்தாண்டத்தில் வயதான பத்திர எழுத்தர் ஒருவர் வாசித்துச் சொன்னார். நாலெல்லை வரும் இடத்தில் நிறுத்தி, மெதுவாகப் படித்தார். கிழக்கே தோடு, அதாவது ஓடை. தெற்கே நடைவழி. மேற்கே பாட்டாவின் தம்பிக்கு ஒதுக்கிய துண்டு. வடக்கே மேலேவிளை வீட்டார் வகை விளை. அந்த மேலேவிளை வீட்டார் நீங்கள்தான். எத்தனையோ வருடமாக எங்கள் பெட்டிக்குள் நீங்கள் ஒரு எல்லையாக இருந்திருக்கிறீர்கள்.

நம் பக்கத்தில் மேலேவிளை இல்லாத ஊர் எது? அதனால் முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பத்திர எழுத்தர்தான் அடுத்த வரியில் விரலை வைத்து, இதற்கு ஒரு முன்பிரமாணம் சொல்லியிருக்கிறது, 1078 மகர மாதம், அதையும் பார்த்துவிடு என்றார்.

நகலுக்கு மனுப் போட்டேன். இங்கே என் அறிவைச் சொல்ல வேண்டும். கொல்லம் ஆண்டோடு 824ஐக் கூட்டினால் ஆங்கில வருடம் என்று யாரோ சொன்னதை நம்பி 1902 என்று எழுதிக் கொடுத்தேன். அந்த வருடத்தில் அப்படி ஒன்றும் இல்லை என்று பதில் வந்தது. கொல்லம் ஆண்டு பிறப்பது ஆவணியில். அதிலிருந்து டிசம்பர் வரைதான் 824. ஜனவரி வந்துவிட்டால் 825. மகரம் என்பது நம் தை. ஆக அது 1903. இந்த ஒரு எண்ணால் எனக்கு இரண்டு மாதம் போயிற்று. பழைய காகிதம் தேடுகிறவர்கள் இதை எங்காவது எழுதி வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது முறை கிடைத்தது. என் பூட்டனுடைய (பாட்டாவின் அப்பா) அப்பா தன் மகளுக்கு ஸ்ரீதனமாக 22 சென்ட் விளையை எழுதிக் கொடுத்த பிரமாணம். அந்த 22 சென்ட் எது என்று நாலெல்லையைப் பார்த்தால், உங்கள் விளை. நீங்கள் பிறந்து ஓடி விளையாடிய இடம். எழுதி வாங்கிய அந்த மகள் உங்கள் அப்பாவைப் பெற்றவர். என் பூட்டனுடன் பிறந்தவர்.

மாமி, திருவிதாங்கூரில் 1916இல் வந்த கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். மகனுடைய பங்கில் கால் பங்கு அல்லது 5,000 ரூபாய், எது குறைவோ அதுதான் மகளுக்கு. ஸ்ரீதனம் கொடுத்தாகிவிட்டால் அதுவும் இல்லை. சில தாலுகாக்களின் வழக்கத்துக்கு மட்டும் விலக்கு இருந்தது. கேரளத்தில் 1986இல் மேரி ராய் வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரும் வரை இதை வைத்துத்தான் மகள்களின் வாயை அடைத்தார்கள். அந்தச் சட்டம் வருவதற்கு 13 வருடம் முன்பே எங்கள் கிழவர் மகளுக்கு மண்ணை எழுதிப் பதிவும் செய்திருக்கிறார். அவர் மேல் எனக்கு மரியாதை வந்தது. அந்த மரியாதை அடுத்த தலைமுறையிடம் நிற்கவில்லை என்பதும் அதே காகிதங்களில் இருக்கிறது.

1078 பிரமாணத்தில் உங்கள் விளைக்குத் தெற்கெல்லை 'பொதுக் கய்யாலை'. 1109இல் எங்கள் ஆட்கள் பாகம் வைத்தபோது வடக்கெல்லையில் 'கய்யாலை உட்பட' என்று எழுதிக்கொண்டார்கள். அந்தக் கய்யாலையின் மேல்தான் பிலாமரம், அதாவது பலாமரம், நின்றது. 'உட்பட' என்ற ஒரு சொல்லில் மரமும் சக்கையும் (பலாப்பழமும்) எங்கள் பக்கம் வந்துவிட்டன. பிலாமரத்தை வைத்துத்தான் சண்டை என்று அப்பா ஒரே ஒரு முறை சொன்னதுண்டு. எங்கள் மரத்தில் நீங்கள் கை வைத்தீர்கள் என்பது போலத்தான் சொன்னார். காகிதம் வேறு மாதிரி சொல்கிறது. தப்பு எங்கள் மேல். கூடப்பிறந்தவளின் கய்யாலையைத் தமையன் பிள்ளைகள் மலையாளத்தில் எழுதி எடுத்துக்கொண்டார்கள். இதைச் சொல்ல வேண்டியவர்கள் எல்லோரும் கல்லறைத் தோட்டத்தில் இருப்பதால் நான் சொல்கிறேன்.

எங்கள் கொல்லையில் மூன்று நடைக்கல் இருக்கின்றன. கருங்கல். நடுவில் கால் பட்டுப் பட்டுக் குழிந்து, மழை பெய்தால் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். கோழி வந்து அதில் குடிக்கும். அந்தப் படிகள் எங்கும் போகவில்லை. மேலே ஏறினால் கய்யாலையில் முட்டும். சிறுவயதில் அங்கே உட்கார்ந்து மரச்சீனிக் கிழங்கு தின்றிருக்கிறேன். சுவரில் போய் முட்டுகிற படியை யார் போட்டார்கள் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. போன மாதம் பாசியைச் சுரண்டிப் பார்த்தேன். படிக்கு நேரே மூன்றடி அகலத்துக்குக் கல் வேறு நிறம். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஆள் போய்வர இருந்த கடவு என்ற வழியை அடைத்த இடம் அது. கல் அப்படிக் குழிவதற்கு எத்தனை கால் நடந்திருக்க வேண்டும்! உங்கள் பாட்டி பிறந்த வீட்டுக்கு வந்துபோன கால்கள்.

சரி, எனக்கு உங்களிடம் ஒரு காரியம் ஆக வேண்டும்.

கோயிலில், அதாவது சர்ச்சில், எல்.எம்.எஸ். (லண்டன் மிஷன் சங்கம்) காலத்துக் கல்யாணப் பதிவேட்டைப் பார்த்தேன். 1903 பிப்ரவரியில், பிரமாணம் எழுதி மூன்று வாரத்தில், உங்கள் தாத்தாவின் பெயரும் மேலேவிளை என்ற வீட்டுப்பெயரும் இருக்கின்றன. மணப்பெண் பெயர் ஞானஸ்நானப் பெயர். பிரமாணத்தில் இருப்பதோ வீட்டில் கூப்பிட்ட பெயர். மாப்பிள்ளையும் வீட்டுப்பெயரும் ஒத்துப்போவதால் ஆள் ஒன்றுதான். ஆனால் அந்தக் கூப்பிடு பெயர் நகலில் பாதிதான் தெரிகிறது. முதல் எழுத்து 'பா'. கடைசியில் 'ச்சி'. நடுவில் மூலத்தைக் கறையான் தின்ற ஓட்டை. பத்திர எழுத்தர் ஒரு பெயர் சொன்னார், எனக்கு வேறொன்று தோன்றுகிறது. இரண்டையும் இங்கே எழுதவில்லை. எழுதினால் உங்களுக்கும் அதுதான் நினைவுக்கு வரும்.

நீங்கள் அவரைப் பார்த்திருப்பீர்கள். உங்களுக்கு விவரம் தெரியும் வயதில் அவர் இருந்திருக்க வேண்டும். அவரை என்னவென்று கூப்பிட்டார்கள்?

இன்னொன்று, முறையைப் பற்றி. விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். உங்கள் பாட்டி என் பாட்டாவுக்கு அத்தை. உங்கள் அப்பா என் பாட்டாவுக்கு மச்சான். அப்படியானால் அவர் என் அப்பாவுக்கு மாமா, நீங்கள் என் அப்பாவுக்கு முறைப்பெண். எனக்கு நீங்கள் மாமி இல்லை, பெரியம்மா. அப்பா உயிரோடு இருந்தால் இந்தக் கணக்கைப் பொதுவில் எழுத விட்டிருக்க மாட்டார். அம்மாவிடம் சொன்னேன். கேட்டுவிட்டு, கறிக்கு அரிந்துகொண்டிருந்த கத்தியைக் கீழே வைக்காமலே, "அதுதானா" என்று மட்டும் சொன்னார். எது 'அதுதானா' என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

இதை எல்லோரும் வாசிக்க எழுதுவதற்குக் காரணம் பீர்மேட்டுப் பக்கம் எஸ்டேட்டுக்குப் போன உங்கள் தம்பிமார். அவர்கள் பிள்ளைகளில் ஒருவர் கண்ணில் பட்டாலும் போதும். உங்கள் வீட்டுக்கு எதிரே கடை வைத்திருக்கும் நம் ஊர்க்காரர் இதை அச்செடுத்து உங்கள் கையில் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

அடுத்த மாதம் இரண்டாம் சனிக்கிழமை களியக்காவிளையில் பஸ் மாறி வருகிறேன், பெரியம்மா. 1078 பிரமாணத்தின் நகலும் கொண்டுவருவேன். எழுத்து பொடியாக இருக்கிறது, கண்ணாடியை எடுத்து வைத்திருங்கள். மலையாளம் வாசிக்க உங்களுக்குத் தெரியும். அந்த ஓட்டை இருக்கும் வரியை நீங்களே ஒருமுறை சத்தமாக வாசித்துக் காட்டுங்கள்.

இப்படிக்கு,
தெற்கு வீட்டுப் பேரன்