தூரத் தோட்டத்துத் தாய்க்கு ஆஸ்பத்திரிப் பக்கத்தில் ஒரு காம்பரா வேண்டும்

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். நான் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிள்ளைக்காம்பராவில் வேலை செய்கிறேன். கொழுந்துக்குப் போகிற தாய்மார் காலையில் பிள்ளைகளை என்னிடம் விட்டுவிட்டுப் போவார்கள், பால் கொடுக்க இடையில் வருவார்கள். அந்தக் கொஞ்ச நேரத்தில் பேசுவதெல்லாம் பெரும்பாலும் பிள்ளை பெற்ற கதைதான். என் இரண்டாவது பிள்ளை பிறந்தபோது நான் பட்டதை அங்கே சொன்னேன். சொன்ன பிறகுதான், அதே மாதிரி வலிப்பட்டவர்கள் எங்கள் தோட்டத்திலேயே இருக்கிறார்கள் என்று தெரிந்தது. ஒருவரும் அதுவரை வாய் திறக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மூத்தவள் பிறந்தபோது காலையில் பனிக்குடம் உடைந்தது, இருட்டுவதற்குள் பிள்ளை கைக்கு வந்துவிட்டது. ஆகையால் இரண்டாவதற்கு யாருமே பயப்படவில்லை. தலைப்பிள்ளை வழி விட்டுவிட்டது, அடுத்தது சுகமாக வந்துவிடும் என்றுதான் எங்கள் வரிசை வீட்டு லயத்தில் எல்லோரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன்.

ஆனால் எனக்கு வந்த வலி வேறு மாதிரி. பொழுது சாயும்போது இடுப்பில் பிடித்து அடிவயிற்றுக்கு இறங்கும். வாசல் இஸ்தோப்பில் நின்று சுவரைப் பிடித்துக்கொள்வேன். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை, ஏழு நிமிடத்துக்கு ஒரு தடவை என்று நெருங்கி வரும். நடுச்சாமத்தில் பேச முடியாது, பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பேன். கோழி கூவுகிற நேரம் தானாகவே தள்ளித் தள்ளிப் போகும். விடிந்து, வேலைக்குப் பெயர் கொடுக்கிற பெரட்டுக்கு ஆட்கள் போகும்போது வலி இருந்த அடையாளமே இருக்காது. முதுகு மட்டும் கழன்று விழுகிற மாதிரி இருக்கும். அன்று பகல் முழுக்க ஒன்றுமில்லை. சாயங்காலம் மறுபடியும் தொடங்கும்.

மாமியார் சீரகத்தை வறுத்துப் போட்டுக் கொதிக்க வைத்துக் கொடுத்தார். சூட்டு வலியாக இருந்தால் இதில் அடங்கிவிடும், பிள்ளை வலியாக இருந்தால் கூடும் என்பது எங்கள் பக்கத்துக் கணக்கு. எனக்கு இரண்டும் நடந்தது. கொஞ்ச நேரம் அடங்கியது, பிறகு முன்னைவிட வேகமாக வந்தது. எத்தனையோ பிரசவம் பார்த்த மனுஷி அவர். அவருக்கே என்ன சொல்வது என்று தெரியவில்லை.

சரி, இனித் தாமதிக்கக் கூடாது என்று வீட்டுக்காரர் வான் ஒன்றைப் பேசிக்கொண்டு வந்தார். தோட்டத்தில் எங்கள் டிவிஷன் மலை உச்சியில் இருக்கிறது. கீழே தார் ரோட்டுக்கு வருகிற வரைக்கும் கல்லும் குழியும்தான். வலி எடுக்கிற நேரம் வான் குழியில் விழுந்தால் என்ன பாடு என்பதை அனுபவித்தவர்கள்தான் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்து, வோட்டில் கட்டில் கொடுத்து, விடிகிற நேரம் பார்த்தால் வலி நின்றுவிட்டது. பரிசோதித்தார்கள். கர்ப்பப்பை வாய் இரண்டு சென்டிமீட்டர்தான் திறந்திருக்கிறது, பிள்ளையின் இதயத் துடிப்பு நன்றாக இருக்கிறது என்று டிக்கட் வெட்டி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வலி கூடினால் வரச் சொன்னார்கள். அதைச் சிங்களத்தில் சொன்னார்கள், அதுவும் அவசரத்தில். வீட்டுக்காரருக்கு அரைகுறையாக விளங்கியது, எனக்கு அதுகூட இல்லை. எவ்வளவு வலி கூடினால் வருவது? எத்தனை நிமிடத்துக்கு ஒன்று என்றால் வருவது? வலி நின்றால் பிள்ளைக்கு ஏதும் ஆகுமா? இதையெல்லாம் கேட்க ஆளில்லை. மறுபடியும் வானுக்குக் காசு கொடுத்து அதே ரோட்டில் ஏறினோம். அந்த வான் கூலி பல நாள் சம்பளத்துக்குச் சமம். இப்படியே போவதும் திரும்பி வருவதுமாக இருந்தது.

உடம்பு வலியைத் தாங்கிக்கொள்ளலாம். லயத்தில் காலையில் கேட்கிற கேள்வியைத்தான் தாங்க முடியவில்லை. படங்கைக் கட்டிக்கொண்டு வாசலைக் கடக்கிற ஒவ்வொருவரும், "என்ன புள்ள, இன்னும் பெறலையா?" என்று எட்டிப் பார்த்துக் கேட்பார்கள். அன்பாகத்தான் கேட்கிறார்கள், எனக்குத் தெரியும். இருந்தாலும் ராத்திரி முழுக்க முனகியதைப் பக்கத்துக் காம்பராவில் கேட்டிருப்பார்களே, விடிந்ததும் சும்மா உட்கார்ந்திருக்கிறேனே என்று கூச்சமாக இருக்கும். சின்ன வலிக்கே இப்படிச் சத்தம் போடுகிறாள் என்று ஒருத்தி சொன்னதும் காதில் விழுந்தது. அதற்குப் பிறகு வலி வந்தால் துணியை வாயில் வைத்துக்கொண்டேன். மூத்தவள் என் பக்கத்தில் படுக்கப் பயந்து பாட்டியிடம் போய்விட்டாள்.

எங்கள் பகுதிக்கு வருகிற குடும்ப நல உத்தியோகத்தர் ஒருநாள் மலையேறி வீட்டுக்கே வந்தார். நாங்கள் மிட்வைஃப் மிஸ் என்று கூப்பிடுவோம். வயிற்றில் கையை வைத்து நிதானமாகத் தடவிப் பார்த்தார். பிள்ளையின் தலை கீழேதான் இருக்கிறது, ஆனால் பிள்ளையின் முதுகு உன் முதுகோடு ஒட்டி இருக்கிறது, அதனால்தான் இடுப்பு இப்படிக் கடுக்கிறது, வலியும் விட்டு விட்டு வருகிறது போலிருக்கிறது என்றார். அவர் பாயில் உட்கார்ந்து சாயத்தண்ணி குடித்தபடி சொன்ன விஷயங்களை எனக்கு முன்னால் எவரும் சொன்னதில்லை.

பிரசவ வலியின் முதல் கட்டத்தில் கர்ப்பப்பை வாய் மெல்ல மெல்ல மிருதுவாகி, மெலிந்து, கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கும். ஒருத்திக்கு இது சில மணித்தியாலத்தில் முடியும், இன்னொருத்திக்கு நாள் கணக்கில் இழுக்கும், நடுவில் நின்று நின்று போகும். உலக சுகாதார அமைப்பு 2018இல் வெளியிட்ட வழிகாட்டலில் 5 சென்டிமீட்டர் திறந்த பிறகுதான் வேகமான கட்டம் என்று சொல்லியிருக்கிறது. அதற்குப் பிறகு தலைப்பிரசவம் என்றால் வழக்கமாக 12 மணித்தியாலத்துக்கு மேல் போகாது, அடுத்தடுத்த பிரசவம் என்றால் 10 மணித்தியாலத்துக்கு மேல் போகாது. அந்த 5 சென்டிமீட்டருக்கு முந்தின கட்டத்துக்கு மட்டும் இத்தனை மணித்தியாலம்தான் என்று கணக்கே கிடையாது, ஆளுக்கு ஆள் மாறும். நீ பட்ட வலி வீண் போகவில்லை, உடம்பு வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது என்று அவர் சொன்னபோது நான் அழுதுவிட்டேன்.

பகலில் வலி இல்லாத நேரம் வேலை எதுவும் செய்யாதே, தூங்கு என்றார். கஞ்சி, தண்ணீர் குறைக்காதே, அடிக்கடி சிறுநீர் கழித்துவிடு என்றார். வலி எடுக்கும்போது தரை துடைக்கிற மாதிரி கையையும் முழங்காலையும் ஊன்றி இருக்கச் சொன்னார். பிள்ளை திரும்பினாலும் திரும்பாவிட்டாலும் இடுப்புக்கு சுகமாக இருக்கும் என்றார். உண்மையிலேயே சுகமாக இருந்தது. மாமியார் பின்னால் உட்கார்ந்து இரண்டு உள்ளங்கையாலும் இடுப்பை அழுத்திக் கொடுப்பார். அப்புறம் மிஸ் இன்னொன்றையும் விரல் விட்டு எண்ணிச் சொன்னார். பனிக்குடம் உடைந்தால், இரத்தம் போனால், வயிற்றில் பிள்ளையின் அசைவு குறைந்தால், காய்ச்சல் வந்தால், தலையிடி கடுமையாகிக் கண் மங்கினால், வலி இருக்கிறதா இல்லையா என்று பார்க்கவே கூடாது, உடனே கிளம்ப வேண்டும். இதை மாமியாரையும் வீட்டுக்காரரையும் பக்கத்தில் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னார். தமிழில் சொன்னார்.

பிள்ளை பிறந்தது மழை ராத்திரியில். சாயங்காலம் வழக்கம்போலத்தான் வலி தொடங்கியது. விடிந்தால் நின்றுவிடும் என்றுதான் வீட்டில் எல்லோரும் படுத்திருந்தார்கள். நடுச்சாமம் தாண்டி பனிக்குடம் உடைந்தது. அதற்குப் பிறகு வலிக்கு இடைவெளியே இல்லை. மிஸ் சொன்னபடி அந்த நிமிடமே கிளம்பினோம். பனிமூட்டத்தில் வானின் விளக்கு வெளிச்சம் முன்னால் பத்தடிகூடப் போகவில்லை. வீட்டுக்காரர் டோர்ச்சுடன் வளைவுக்கு வளைவு இறங்கி முன்னால் நடந்தார். மாமியார் என் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "முக்காதே, முக்காதே" என்று சொல்லிக்கொண்டே வந்தார். ஆஸ்பத்திரியில் பரிசோதித்தபோது ஒன்பது சென்டிமீட்டர். நேரே பிரசவ அறைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். உடுப்பு மாற்றி முடிப்பதற்குள் பையன் பிறந்துவிட்டான், முகம் மேலே பார்த்தபடி. அன்றைக்கு அங்கே இருந்த மிஸ்ஸிமாரையும் டொக்டரையும் நான் மறக்க மாட்டேன். அவ்வளவு அக்கறையாகப் பார்த்தார்கள்.

ஐயா, நான் சொல்ல வந்தது இதுதான். இரண்டாவது பிள்ளை சீக்கிரம் வந்துவிடும் என்று பெரியவர்கள் சொல்வது சரிதான். அந்தச் சீக்கிரம் எப்போது தொடங்கும் என்பதுதான் ஒருவருக்கும் தெரியாது. நாள் கணக்கில் நின்று நின்று வந்த வலி, பிடித்தால் ஒரே பிடியாகப் பிடித்துவிடுகிறது. டவுனில் இருக்கிற தாய் அப்போது எழுந்து ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாம். மலை உச்சியில் இருக்கிற தாய்க்கு அந்த நேரம் ரோட்டிலேயே போய்விடும்.

ஆஸ்பத்திரி மேல் குறை சொல்வதற்கு இதை எழுதவில்லை, அதன் பெயரையும் இங்கே போடவில்லை. எதற்குத் திருப்பி அனுப்புகிறார்கள் என்று மிட்வைஃப் மிஸ்ஸிடம் கேட்டேன். கட்டில் போதாது என்பது ஒரு காரணம். வலி சரியாகத் தொடங்குமுன் பிரசவ அறையில் வைத்திருந்தால் தேவையில்லாமல் மருந்து ஏற்றி வலியை உண்டாக்கப் பார்க்க வேண்டி வரும், அதைவிட வீட்டில் சாப்பிட்டு, நடந்து, தூங்கி வருவது தாய்க்கு நல்லது என்பது மற்றக் காரணம். நியாயமான காரணம்தான். ஆனால் வீடு பக்கத்தில் இருந்தால்தானே அது நியாயம்? சென்டிமீட்டரைப் பார்க்கிறவர்கள் டிக்கட் வெட்டுமுன் ஒரு கேள்வி கேட்கலாம். எங்கேயிருந்து வருகிறாய், ராத்திரியில் வாகனம் கிடைக்குமா, கிடைத்தால் எவ்வளவு நேரம் ஆகும்? இதை டிக்கட்டிலேயே எழுதி வைத்தால் அடுத்த முறை பார்க்கிறவருக்கும் தெரியும்.

அதைவிட முக்கியமாக நான் கேட்பது ஒரு தங்குமிடம். ஆஸ்பத்திரி வளவுக்குள்ளோ பக்கத்திலோ நாலைந்து கட்டில், சுடுதண்ணீர், ஒழுங்கான கக்கூஸ், கஞ்சி காய்ச்ச ஒரு அடுப்பு, துணைக்கு வருகிற மாமியாரோ அம்மாவோ படுக்க இடம். ஒரு மருத்துவமாது காலையும் மாலையும் வந்து பிள்ளையின் துடிப்பைப் பார்த்துவிட்டுப் போனால் போதும். இது நானாக யோசித்துச் சொல்கிற புதுமை அல்ல. கியூபாவில் 1962இலிருந்தே இப்படிப்பட்ட தாய்மார் இல்லங்கள் இருக்கின்றன. தூர இடங்களில் வாழும் கர்ப்பிணிகளுக்கு ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் தங்குமிடம் அமைக்க வேண்டும் என்று உலக சுகாதார அமைப்பும் 2015இல் பரிந்துரைத்திருக்கிறது. நம் இலங்கையில் இன்று கிட்டத்தட்ட எல்லாப் பிள்ளைகளும் ஆஸ்பத்திரியில்தான் பிறக்கின்றன. அது பெரிய விஷயம். அந்த ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருகிற கடைசி ரோட்டையும் யாராவது பார்க்க வேண்டாமா?

1990 என்ற நம்பருக்குக் கூப்பிட்டால் வருகிற அம்புலன்ஸ் இருக்கிறதே என்று சிலர் சொல்வார்கள். அது பெரிய உதவிதான், எத்தனையோ உயிரைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் வலி நின்றிருக்கிற பகலில் அம்புலன்ஸைக் கூப்பிட முடியாது, வலி பிடித்த ராத்திரியில் எங்கள் மாதிரி டிவிஷனுக்கு எந்த வாகனமும் ஏறி இறங்க நேரம் எடுக்கும்.

தோட்டத் தொழிலாளிக்குச் சட்டப்படி கிடைக்கிற 12 வாரப் பிரசவ விடுமுறையில் 2 வாரம் பிரசவத்துக்கு முன்னால் எடுப்பதற்கு உரியது. அந்த 2 வாரத்தில் அவள் போய் இருக்க ஓர் இடம் இல்லை, அதுதான் குறை. தோட்டங்களில் பாழடைந்து கிடக்கிற பழைய ஸ்டாஃப் குவார்ட்டர்ஸை நான் பார்த்திருக்கிறேன். ஆஸ்பத்திரிகளுக்குப் பக்கத்திலும் அப்படிப் பூட்டிக் கிடக்கிற கட்டடம் இருக்கும். மாகாண சுகாதாரத் திணைக்களமும் கம்பெனிகளும் தொழிற்சங்கங்களும் சேர்ந்தால் ஒரு கட்டடத்தைத் திருத்தி எடுப்பது முடியாத காரியமா? சம்பளத்துக்காகக் கூடிப் பேசுகிற தலைவர்கள் இதையும் அந்த மேசையில் வைக்க வேண்டும் என்று உங்கள் பத்திரிகை மூலமாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்போது எங்கள் பிள்ளைக்காம்பராவுக்குப் பிள்ளையைக் கொண்டு வருகிற ஒரு தங்கச்சிக்கு இது பிள்ளை பெறுகிற மாதம். அவளுக்கும் இரண்டாவது. அவள் வீடு எங்கள் லயத்துக்கும் மேலே. போன கிழமையிலிருந்து சாயங்காலமானால் வலி வருகிறது, விடிந்தால் நின்றுவிடுகிறது என்றாள். மிட்வைஃப் மிஸ்ஸிடம் காட்டச் சொன்னேன், காட்டிவிட்டாள். ஹட்டன் டவுனில் அவளுக்கு அக்கா வீடு இருக்கிறது, நாளைக்கு அங்கே போகிறாள். டவுனில் அக்கா இல்லாதவர்கள் எங்கே போய் இருப்பது என்று பொறுப்பில் இருக்கிறவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
பிள்ளைக்காம்பரா ஆயா ஒருவர்,
பொகவந்தலாவை.