ஒற்றைக் கையுறைக்குச் சொந்தக்காரருக்கு

அப்பா தூங்குகிறார். மூன்று நாளாக அவர் தூங்கும்போது மட்டும்தான் நான் உட்காருகிறேன். இன்று உட்கார்ந்த கையோடு இதை எழுதிவிடுகிறேன். மறதி நோயுள்ள அவர் சனிக்கிழமை இங்கே இங்கிலாந்தின் தெட்ஃபோர்டில் காணாமல் போனதும் தேடுவதற்காகப் போட்ட, மங்கி குல்லாவோடு அவர் நிற்கும் அந்தப் படத்தை நீங்கள் எல்லோரும் பார்த்தீர்கள், ஆளாளுக்குப் பகிர்ந்தீர்கள். அதனால் சனிக்கிழமை நடந்ததை மறுபடி சொல்லப்போவதில்லை. சொல்லத் தெம்பும் இல்லை. அப்பா கிடைத்துவிட்டார். இடது கால் பெருவிரலில் ஒரு கொப்புளம், அவ்வளவுதான்.

முதலில் மொத்தமாக ஒரு கும்பிடு. செய்தி பார்த்ததும் கேம்பிரிட்ஜிலிருந்தும் நாரிச்சிலிருந்தும் காரை எடுத்துக்கொண்டு கிளம்பி வந்த தமிழ்க் குடும்பங்களுக்கு. பைன் காட்டுப் பக்கம் நாய்களோடு போய்த் தேடியவர்களுக்கு. ஆள் மாற்றி ஆள் என் கைப்பேசிக்குச் சார்ஜ் போட்டுக் கொடுத்த பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு. கேட்காமலேயே என் இரவுப் பணியை ஏற்றுக்கொண்ட தோழிகளுக்கு. காசு வாங்க மறுத்துக் காப்பியும் முட்டைத் தார்ட்டும் கொடுத்துக்கொண்டே இருந்த போர்ச்சுகீசியக் கடைக்காரருக்கு. பேர் சொல்லி எழுதினால் யாரையாவது விட்டுவிடுவேன். விட்டவர் வருத்தப்பட மாட்டார் என்று தெரியும், எனக்குத்தான் தூக்கம் வராது.

இனி, பெயரே தெரியாத அந்த அம்மாவுக்கு.

தெட்ஃபோர்டில் ஆற்றங்கரையில் ஒரு பெஞ்ச் இருக்கிறது. அதில் வெண்கலத்தில் ஒரு ராணுவ கேப்டன் எப்போதும் உட்கார்ந்திருப்பார். பிபிசியின் பழைய நகைச்சுவைத் தொடர் ஒன்றின் வெளிப்புறக் காட்சிகளை இந்த ஊரில்தான் எடுத்தார்கள். அதில் வரும் கேப்டன் மெயின்வாரிங்குக்கு 2010இல் சிலை வைத்தார்கள். சனிக்கிழமை இருட்டும் நேரத்தில் நீங்கள் நாயை நடத்திக்கொண்டு வீடு திரும்புகையில், பெஞ்சில் ஒருவருக்கு இருவர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் வெண்கலம். மற்றவர் மங்கி குல்லா. குல்லா பேசிக்கொண்டிருந்தது.

நீங்கள் அந்தப் படத்தைப் பார்த்திருக்கவில்லை. தேடுகிறார்கள் என்பதும் உங்களுக்குத் தெரியாது. "வழி தவறிவிட்டீர்களா?" என்று கேட்டிருக்கலாம், யாராக இருந்தாலும் அதைத்தான் கேட்பார்கள். கேட்டிருந்தால் அப்பா எழுந்து நடந்திருப்பார். வழி தவறியவர் என்று தன்னை யாரும் சொன்னால் அவருக்குப் பொறுக்காது. நீங்கள் கேட்டது வேறு: "இரண்டு பேரும் முக்கியமாக ஏதோ பேசுகிறீர்கள் போலிருக்கிறது, நான் உட்காரலாமா?"

அப்பா நகர்ந்து இடம் கொடுத்தார். கேப்டனைக் காட்டி, "எங்கள் தலைமையாசிரியர்" என்று அறிமுகம் செய்தார். நீங்கள் சிரிக்கவில்லை. "கண்டிப்பானவரா?" என்று கேட்டீர்கள். "பேச்சில்தான் கண்டிப்பு" என்றாராம் அப்பா.

போலீசுக்குப் பேச வலது கையுறையைக் கழற்றியிருக்கிறீர்கள். கழற்றியதைச் சட்டைப்பைக்குள் போடாமல் அப்பாவின் கையில் மாட்டிவிட்டீர்கள். அவருடைய இன்னொரு கையை உங்கள் இடது கைக்குள் வைத்துக்கொண்டீர்கள். ஜனவரி மாதத்து ஆற்றங்காற்றில், வெறும் கையில் கைப்பேசியைப் பிடித்தபடி நாற்பது நிமிடம். நான் ஓடி வந்தபோது உங்கள் வலது கை விரல்கள் பீட்ரூட் நறுக்கிய கை மாதிரி சிவந்திருந்தன. அதைப் பார்த்தேன். பார்த்தும் நன்றி சொல்லத் தோன்றாமல் அப்பாவைக் கட்டிக்கொண்டு அழுதேன். நீங்கள் நாயோடு சற்றுத் தள்ளி நின்றுகொண்டீர்கள்.

அந்த நாற்பது நிமிடமும் அவரை எழவிடாமல் வைத்திருந்தது கதை. ஊர்ப் பெரியவர்களைப் பற்றி ஒவ்வொன்றாக எடுத்துவிட்டிருக்கிறீர்கள். அப்பா முப்பத்து நான்கு வருடம் வரலாறு நடத்தியவர் என்று உங்களுக்கு யார் சொன்னது? காலையில் என்ன சாப்பிட்டார் என்பது அவருக்கு நினைவிருக்காது, என் பெயரைக்கூட அத்தையின் பெயரோடு மாற்றிவிடுவார். ஆனால் தாமஸ் பெய்ன் 1737இல் இங்கே பிறந்தவர் என்று நீங்கள் தொடங்கியதும், "தகப்பனார் பெண்களுக்கு உள்கச்சை தைப்பவர், குவேக்கர் என்ற கிறித்தவப் பிரிவுக்காரர்" என்று அப்பா முடித்திருக்கிறார். 1774இல் அமெரிக்காவுக்குக் கப்பலேறியதும், 1776இல் அவர் வெளியிட்ட சிறு நூல் அங்கே விடுதலைத் தீயை மூட்டியதும், பிறகு பிரான்சில் சிறையில் கிடந்ததும் வகுப்பெடுப்பது போல வந்திருக்கிறது. ஐம்பது வயதானவர்களுக்கெல்லாம் ஆண்டுக்குப் பத்துப் பவுன் கொடுக்க வேண்டும் என்று 1797லேயே பெய்ன் எழுதியிருக்கிறார். அதைச் சொல்லிவிட்டு, தன் பென்ஷன் இன்னும் வரவில்லை என்று உங்களிடம் புகார் செய்திருக்கிறார். நீங்கள் விசாரிப்பதாக வாக்குக் கொடுத்தீர்களாம்.

கிங் தெருவில் பெய்னுக்குத் தங்க முலாம் பூசிய சிலை இருக்கிறது. 1964இல் வைத்தது. செலவு அமெரிக்கர்களுடையது, ராஜாக்களைத் திட்டியவருக்குச் சிலையா என்று ஊரில் எதிர்ப்பும் இருந்தது. ஒரு கையில் இறகுப் பேனா, இன்னொரு கையில் மனித உரிமைகள் பற்றி அவர் எழுதிய புத்தகம். அந்தப் புத்தகம் தலைகீழாக இருக்கிறது. இந்த ஊருக்கு வந்து மூன்று வருடமாகியும் நான் அதைக் கவனித்ததில்லை. வேலை, சூப்பர் மார்க்கெட், வீடு. சிலையைக் கடந்து ஓடியிருக்கிறேன், நின்றதில்லை. சந்தையில் காய் விற்கும் ஒருவர் அன்று காலை அப்பாவை அங்கே பார்த்திருக்கிறார். கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்துத் தலைகீழ் எழுத்தைப் படித்துக்கொண்டிருந்தாராம். அந்தத் தகவல் வந்ததால்தான் ஊருக்குள்ளேயும் தேடினோம். காய்க்கடை அண்ணனுக்கும் இந்த மடலில் பங்கு உண்டு.

அங்கிருந்து அவர் பட்டன் தீவுக்குப் போயிருக்கிறார். ஆற்றுக்கு நடுவே குதிரைமேல் மகாராஜா துலீப் சிங் இருக்கும் இடம். 1999இல் இளவரசர் சார்லஸ் திறந்துவைத்த சிலை. அதன் பிறகு நாலு மணி நேரம் எங்கே இருந்தார் என்று தெரியவில்லை. காலுறையில் பைன் ஊசிகள் ஒட்டியிருந்தன, செருப்புக்குள் மணல். அந்த நாலு மணி நேரத்தை நான் தோண்டப்போவதில்லை.

துலீப் சிங்கைப் பற்றி நீங்கள் சொன்னபோது அப்பா அழுதார் என்றீர்கள். ஏன் என்று உங்களுக்குப் புரியவில்லை. எனக்கும் அன்று புரியவில்லை, பிறகு படித்துப் பார்த்தேன். ஐந்து வயதில் பஞ்சாபின் மகாராஜா. 1849இல் நாடும் போயிற்று, கோகினூர் வைரமும் போயிற்று. 1854இல் பதினைந்து வயதுப் பையனாக இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தார்கள். பக்கத்து எல்வெடனில் மாளிகை, வேட்டைக்காடு, எல்லாம் பின்னால் வந்தது. ஆனால் தாய் ஜிந்தன் கௌரிடமிருந்து அவரை அதற்கு முன்பே பிரித்துவிட்டிருந்தார்கள். பதின்மூன்று வருடம் கழித்து, 1861இல் கல்கத்தாவில், மகனைப் பார்க்க அந்தத் தாய்க்குக் கண்பார்வை ஏறக்குறைய இல்லை. அப்பா இதைப் பாடத்தில் நடத்தியிருப்பார். எத்தனையோ வகுப்புகளில் கண்ணீர் வராமல் நடத்தியிருப்பார். அன்று ஒரு வேற்றூர் பெஞ்சில், கையைப் பிடித்துக்கொள்ள ஓர் ஆள் இருந்தபோது வந்திருக்கிறது.

நான் முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறேன். ஊராருடைய அப்பாக்களையும் அம்மாக்களையும் பார்த்துக்கொள்ளும் வேலை. மறதி உள்ளவர்களைத் திருத்தாதீர்கள், அவர்கள் நிற்கும் இடத்துக்கு நீங்கள் போங்கள் என்று எங்களுக்குப் பயிற்சியில் சொல்லித்தருவார்கள். வேலையில் அதைச் சரியாகத்தான் செய்கிறேன். வீட்டில்? "அப்பா, இது மதுரை இல்லை." "அப்பா, அம்மா இறந்து ஆறு வருடம் ஆகிறது." "அப்பா, எத்தனை தடவை சொல்வது?" ஒரு நாளைக்கு இருபது முறை திருத்துகிறேன். மகள் என்ற உரிமையில் செய்கிற கொடுமை அது, வேறு பெயர் எனக்குத் தெரியவில்லை. நீங்கள் ஒரு முறைகூடத் திருத்தவில்லை. வெண்கலக் கேப்டன் நாற்பது நிமிடமும் தலைமையாசிரியராகவே இருந்தார். இனி எங்கள் வீட்டிலும் அவர் தலைமையாசிரியர்தான். இதை இத்தனை பேர் முன்னால் எழுதுவது, நாளைக்கு நான் மறந்தால் யாராவது கேட்கட்டும் என்றுதான்.

டாக்டர் மின்ஸைப் பற்றியும் சொன்னீர்களாம். பஹாமாஸில் பிறந்து, லண்டனில் மருத்துவம் படித்து, இங்கே வந்து ஏழைகள் விடுதிக்கு வைத்தியம் பார்த்தவர். 1904இல் இந்த ஊர் அவரை மேயராக்கியது. பிரிட்டனில் மேயரான முதல் கறுப்பினத்தவர் என்று அவரைச் சொல்கிறார்கள். "கைராசிக்காரராக இருந்திருப்பார்" என்பது அப்பாவின் தீர்ப்பு. துலீப் சிங்கின் மகன் ஃபிரெடெரிக் ஒரு பழைய மர வீட்டை வாங்கி ஊருக்கு அருங்காட்சியகமாகக் கொடுத்ததையும் சொன்னீர்கள். நடந்து போகிற தூரம்தான், நான் உள்ளே போனதே இல்லை. அப்பாவை அழைத்துப் போகிறேன். அவர் என்னை அழைத்துப் போய்க் காட்டுவார் என்று சொல்வதுதான் சரி.

நான் அழுது முடித்தபிறகு நீங்கள் சொன்ன ஒன்று இன்னும் காதில் இருக்கிறது. பெய்ன் 1809இல் நியூயார்க்கில் இறந்தபோது அடக்கத்துக்கு வந்தவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள். பத்து வருடம் கழித்து வில்லியம் காபெட் என்பவர் எலும்புகளைத் தோண்டி இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தார். பிறகு அவை எங்கே போயின என்று யாருக்கும் தெரியாது. "எங்கள் ஊர்க்காரர் ஒருவர் இருநூறு வருடமாகக் கிடைக்கவில்லை. உங்கள் அப்பா அரை நாளில் கிடைத்துவிட்டார், பரவாயில்லை" என்றீர்கள். காலையிலிருந்து முதன்முறையாகச் சிரித்தேன். அப்பா என்னைப் பார்த்து, "சாப்பிட்டாயா?" என்று கேட்டார்.

உங்கள் கையுறை எங்களிடம் இருக்கிறது. பழுப்புக் கம்பளி, கட்டைவிரல் கிழிந்து நீல நூலால் தைத்தது. துவைக்கலாம் என்று எடுத்தால் அப்பா தரமாட்டேன் என்கிறார். மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் மடித்து வைத்திருக்கிறார், கண்ணாடி வெளியே கிடக்கிறது. இந்த ஊரில் இருக்கும் தமிழர் யாராவது இதைப் படித்தால், பழுப்பு நாயோடு ஆற்றங்கரையில் நடக்கும் வெள்ளை முடி அம்மாவிடம் தயவுசெய்து சொல்லுங்கள்: வருகிற சனிக்கிழமை, சந்தை நாள், பதினோரு மணிக்கு நாங்கள் அந்த பெஞ்சில் இருப்போம். இஞ்சி போட்ட டீ ஃபிளாஸ்க்கில் வரும். கையுறையை அப்பாவிடமிருந்து வாங்குவது உங்கள் சாமர்த்தியம். பென்ஷன் விஷயம் என்னவாயிற்று என்று முதலில் கேட்பார், பதிலோடு வாருங்கள்.