விடுதலைப் பத்திரம் வேண்டாம், அக்கா

அக்கா,

சொத்தில் பங்கு வேண்டாம் என்று எழுதித் தரும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடச் சம்மதம் என்று நீ சொல்லியனுப்பியதாகச் சித்தப்பா சொன்னார். "எனக்கு ஒரு குறையும் இல்ல, சந்தோஷமாத்தான் இருக்கேன்" என்றாயாம். அந்தப் பத்திரத்தை நான் எழுதப்போவதில்லை. அப்பா பேரில் உள்ள வீடும் விளையும் இரண்டாகத்தான் பிரியும்.

மதம் மாறியவளுக்குப் பங்கு கிடையாது என்று அப்பா சாகும்வரை சொன்னார், நானும் நம்பினேன். வக்கீலிடம் கேட்டால் சிரிக்கிறார். 1956 இந்து வாரிசுரிமைச் சட்டத்தில், மதம் மாறிய பிறகு ஒருவருக்குப் பிறக்கும் பிள்ளைகளுக்குத்தான் தடை இருக்கிறதாம். மாறியவருக்கு இல்லை. அப்பா உயில் எதுவும் எழுதவும் இல்லை. அப்படியென்றால் இத்தனை வருஷமும் அது உன் பங்குதான்.

இதை உனக்கு மட்டும் அனுப்பாமல் ஊர் பார்க்க எழுதுவது, சொந்தக்காரர்களும் படிக்கட்டும் என்றுதான். ஆனால் அந்த வருஷம் நம் வீட்டுத் திண்ணையில் கூடியவர்கள் பேசியதை எழுத மாட்டேன். அவர்களில் இரண்டு பேர் என் மகள் கல்யாணத்தை முன்நின்று நடத்தியவர்கள். உனக்குப் புரியும்.

கணக்குப் பார்க்க உட்கார்ந்தால் வெந்நீர் அடுப்புதான் கண்முன் வருகிறது. அப்பா உன் பைபிளைக் கிழித்துக் கிழித்துத் தர, நான் குத்தவைத்து உள்ளே தள்ளிக்கொண்டிருந்தேன். மெல்லிய தாள், பற்றியதும் சுருண்டு போனது. அட்டை மட்டும் லேசில் எரியவில்லை, ஓலை வைத்துத் தள்ள வேண்டியிருந்தது. அண்டாவில் ஆவி பறந்ததும் அப்பா உன்னைக் கூப்பிட்டு, "போய்க் குளி" என்றார். நீ அழுவாய், காலில் விழுவாய், அத்தோடு முடியும் என்று நினைத்திருப்பார். நீ துண்டை எடுத்துக்கொண்டு போனாய். வழக்கத்தைவிட நேரமெடுத்துக் குளித்தாய். தலையைத் துவட்டிக்கொண்டே வந்து, "நல்ல சூடு, கேட்டியா? நீயும் குளி லே" என்றாய். உன் முகத்தில் நடிப்பு எங்கேயாவது தெரிகிறதா என்று நான் தேடினேன். இல்லை. அப்பா அன்று சாப்பிடவில்லை. உன்னை அடித்த நாட்களில்கூட அவர் சாப்பிட்டார்.

எனக்குப் பன்னிரண்டு வயது. அப்பா நீட்டியதை வாங்காமல் வேறு என்ன செய்திருப்பேன்? சரி, மன்னித்துக்கொள். ஆனால் நீ ஒருநாளாவது என்மேல் கோபப்பட்டிருந்தால் அப்போதே கேட்டிருப்பேன். சிரித்துக்கொண்டிருப்பவளிடம் எங்கே போய் மன்னிப்புக் கேட்பது?

உனக்குத் தெரியாத ஒன்று சொல்கிறேன். 2022 மே 15 அன்று ரோமில் போப் பிரான்சிஸ், திருவிதாங்கூர் அரண்மனையில் வேலை பார்த்துக் கிறிஸ்தவராக மாறிய தேவசகாயத்தைப் புனிதராக அறிவித்ததை அம்மா டிவியில் முழுக்கப் பார்த்தாள். அப்பா போன பிறகு ரிமோட் அவள் கையில். (1752-இல் அவரை எதற்காகச் சுட்டார்கள் என்பதில் வேறு விதமாகச் சொல்பவர்களும் உண்டு. அந்தச் சண்டை இங்கே வேண்டாம்.) எருமைமேல் பின்பக்கமாக உட்காரவைத்து, எருக்கம்பூ மாலை போட்டு, அடித்த காயத்தில் மிளகாய்ப் பொடி தேய்த்து ஊர்வலம் விட்டபோதும் அவர் முகம் வாடவில்லை என்று நீ விறகுப்புரையில் வைத்துச் சொல்வாயே, நான் வாயைப் பிளந்து கேட்பேன். அம்மாவும் காதில் வாங்கியிருக்கிறாள். டிவி முடிந்ததும் அவள் கேட்டது ஒன்றுதான்: "பெண்டாட்டி பேரச் சொன்னாங்களா?"

பார்கவி. ஞானஸ்நானத்துக்குப் பிறகு ஞானப்பூ. உன் கதையில் அம்மா பிடித்துவைத்திருந்தது அவளை மட்டும்தான். அவர் கோட்டாற்றுக் கோயிலில் பீடத்துக்கு முன்னால், அவள் வடக்கன்குளத்தில். செத்தும் சேர்த்து வைக்கலையே என்று ஆற்றாமைப்பட்டாள்.

அக்கா, உன் சந்தோஷத்துக்குக் கிஸ்தி கட்டியது அம்மா. "வளர்த்த லட்சணம்" என்று ஒவ்வொரு விசேஷ வீட்டிலும் கேட்டவள் அவள். பொங்கலும், தேவசகாயத்தைச் சுட்ட காற்றாடிமலையில் அவர் திருநாளும் ஒரே ஜனவரியில் அடுத்தடுத்து வந்தது அவள் கெட்ட நேரம். பானை பொங்கும்போது கிழக்கே, அந்த மலை இருக்கும் ஆரல்வாய்மொழிப் பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பாள். நீயோ போனில், "நான் நல்லா இருக்கேன்னு அம்மாகிட்ட சொல்லு" என்பாய். நல்லாயில்லை என்று ஒரு தடவை சொல்லியிருந்தால் அவள் பஸ் ஏறியிருப்பாள். அப்பாவையும் மீறி ஏறியிருப்பாள். வருவதற்கு ஒரு காரணத்தைக்கூட நீ அவளுக்குக் கொடுக்கவில்லை.

எழுதிவிட்டுப் படித்தால் அநியாயமாக இருக்கிறது. இருக்கட்டும், அழிக்கவில்லை.

அம்மா காரியத்துக்கு வந்தபோது உன்னிடம் கேட்டேன், அன்று அப்படிச் சந்தோஷமாக இருக்க உன்னால் எப்படி முடிந்தது என்று. பவுல் சிறையில் இருந்துகொண்டுதான் மற்றவர்களை மகிழச் சொல்லி எழுதினார் என்று ஆரம்பித்தாய். நான் முகத்தைத் திருப்பியதும் நிறுத்திக்கொண்டாய். அப்புறம் மெதுவாக, "நான் தேடிப்போகல லே. அன்னைக்கு வெந்நீர் மேல ஊத்தும்போது தானா வந்து இருந்துட்டு" என்றாய். உன் சாமியை நான் நம்பவில்லை. இதை நம்புகிறேன். நீ பொய் சொல்லி நான் பார்த்ததில்லை.

ஆனால் நீ சந்தோஷமாக இருக்கிறாய் என்பதற்காக நாங்கள் செய்தது இல்லையென்று ஆகிவிடாது. சித்தப்பாவுக்கு அப்படி நினைப்பது வசதி. எனக்கு அந்த வசதி வேண்டாம்.

பொங்கல் கழிந்து சார்பதிவாளர் அலுவலகம் திறந்ததும் பதிவு வைத்துக்கொள்ளலாம். ஆதார், இரண்டு போட்டோ எடுத்து வா. பழைய பெயரையும் ஞானஸ்நானப் பெயரையும் நடுவில் "என்ற" போட்டுச் சேர்த்து எழுதலாம் என்கிறார் பத்திரம் எழுதுபவர். கிணற்றுப் பக்கத்துப் பாதி உனக்கு. வேண்டாம் என்றால் விற்றுக்கொள், கோயிலுக்குக் கொடு, நான் கேட்க மாட்டேன். கையெழுத்துப் போட்டுவிட்டு எனக்காக ஜெபிக்கிறேன் என்று மட்டும் சொல்லிவிடாதே. அந்த இடத்திலேயே சண்டை போடுவேன்.

உன் தம்பி