ஆனித் தேருக்கு ஒரு ஷாக் பெட்டி

அன்புள்ள சண்முகம்,

கடிதம் கிடைத்தது. ஆனித் தேரோட்டத்துக்கு முன்னால் உங்கள் தெருவில் ஏஇடி (இதயத் தாளத்தைத் தானே பார்த்து, தேவையானால் ஷாக் கொடுக்கும் பெட்டி) வாங்கி வைப்பது நல்ல காரியம். ஆனால் 'நின்ற இதயத்தை ஓட வைக்கும் பெட்டி' என்று நோட்டீஸ் அடித்திருக்கிறீர்களே, அதை மாற்றச் சொல்லு. சினிமா செய்த வேலை அது. இதயம் நின்று ஈசிஜியில் (இதயத்தின் மின்வரைபடம்) கோடு நேராகிவிட்டால் ஷாக் உதவாது, பெட்டியும் கொடுக்காது. அங்கே மார்பு அழுத்தமும் அட்ரினலின் ஊசியும்தான்.

ஷாக் வேண்டியது இதயத்தின் கீழறை துடிக்காமல் நடுங்கும்போது. தேர்வடத்தை ஆளுக்கொரு பக்கம் இழுத்தால் தேர் நகருமா? எல்லோரையும் ஒரே நேரத்தில் வடத்தை விடச் செய்வதுதான் ஷாக். தசைச் செல்கள் மொத்தமாகத் தூண்டப்பட்டு, சற்று நேரம் அடுத்த தூண்டலை ஏற்காது. சுற்றிக்கொண்டிருந்த மின் அலை போக வழியில்லாமல் அணையும். பிறகு இதயத்துக்கு இயல்பாகத் தாளம் போடும் சைனஸ் கணு தாளத்தைக் கையில் எடுக்கும்.

ஆள் மயங்கி விழுந்து, மூச்சும் சரியாக இல்லையென்றால் ஒருவர் 108-ஐ அழைக்கட்டும். இன்னொருவர் உடனே மார்பை அழுத்தட்டும். நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, 5 செ.மீ.க்குக் குறையாமல். பெட்டி வந்ததும், அதிலுள்ள ஒட்டும் பட்டைகளில் ஒன்று வலது காறையெலும்புக்குக் கீழே, மற்றது இடது அக்குளுக்குக் கீழே விலாவில். வடம் பிடித்தவர் மார்பில் வியர்வையும் சந்தனமும் இருக்கும். துண்டால் நன்றாகத் துடைக்காவிட்டால் பட்டை ஒட்டாது, கரண்ட் தோல் மேலேயே ஓடிவிடும். முடி அடர்ந்திருந்தால் மழிக்க ரேசர் ஒன்றைப் பெட்டியிலேயே போட்டு வை. தோலுக்கடியில் பேஸ்மேக்கர் (இதயத் துடிப்பைச் சீராக்கும் கருவி) புடைப்பு தெரிந்தால் அதன் மேல் ஒட்டக்கூடாது. ஷாக் கொடுக்கும்போது யாரும் தொடக்கூடாது.

ஷாக் முடிந்ததும் எல்லோரும் நாடி பார்க்கக் குனிவார்கள். வேண்டாம். தாளம் திரும்பினாலும் தசைக்கு உடனே ரத்தம் தள்ளத் தெம்பு இருக்காது. இரண்டு நிமிடம் அழுத்திவிட்டு, பெட்டி சொல்லும்போது நிறுத்தினால் போதும்.

உன் மாமனாருக்கும் ஷாக் கொடுக்கப்போவதாக எழுதியிருந்தாயே, அது வேறு. அவருக்கு இதயத்தின் மேலறையில் நடுக்கம். மயக்கம் கொடுத்து, ஈசிஜியில் ஆர் அலை எனும் உயர்ந்த முனையோடு (கீழறை சுருங்கத் தொடங்கும் நேரம்) சேர்த்துத்தான் ஷாக் விழ வேண்டும். அதன்பின் வரும் டி அலையில் (கீழறை ஓய்வுக்குத் திரும்பும் நேரம்) விழுந்தால் கீழறையே நடுங்கத் தொடங்கிவிடும். பல கருவிகளில் ஒவ்வொரு ஷாக்குக்குப் பிறகும் அலையோடு சேர்க்கும் சிங்க் பட்டனை மறுபடி அழுத்த வேண்டும். அவசரத்தில் தவறுவது அங்கேதான். நடுக்கம் 48 மணி நேரத்தைத் தாண்டியிருந்தால் மேலறையில் ரத்தம் உறைந்திருக்கலாம். தாளம் திரும்பியதும் அந்த ரத்தக்கட்டி மூளைக்குப் போகலாம். அதனால்தான் ஷாக்குக்கு முன்பு மூன்று வாரம், பின்பு நான்கு வாரமாவது ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை. ஒரு நாளும் விடாமல் பார்த்துக்கொள்.

பெட்டியை ஆபீஸ் பீரோவில் வைத்துப் பூட்டிவிடாதீர்கள். வெயில் படும் சுவரும் ஆகாது, பட்டையின் ஜெல் காய்ந்துவிடும். பட்டைக்கும் பேட்டரிக்கும் காலாவதித் தேதி உண்டு. ஒருத்தர் பொறுப்பில் எழுதி வையுங்கள்.

மதினியைக் கேட்டதாகச் சொல்லு.

உன்
கணபதி